சும்மா நுழையும் உரிமை

லண்டனில் காசு செலவழிக்காமல் பார்க்கக்கூடிய இடங்களைப் பட்டியல் போடாத பயண நூல் அநேகமாக இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் காலடி வைக்கவே ஏறக்குறைய 30 பவுண்டு கேட்கும் ஊரில் அந்தப் பட்டியலுக்கு மவுசு இருப்பதில் வியப்பில்லை. பிரிட்டிஷ் மியூசியம், டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரி, சவுத் கென்சிங்டனின் மூன்று பெரிய அருங்காட்சியகங்கள், ஹாம்ஸ்டட் ஹீத், ஹைட் பார்க், ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் உச்சியிலுள்ள ஸ்கை கார்டன் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். கட்டணம் இல்லை என்பதைத் தவிர இவற்றுக்குள் பொதுவாக எதுவும் இல்லை. அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி. சில இடங்களுக்குள் நாம் உரிமையோடு போகிறோம். வேறு சிலவற்றுக்குள் யாரோ ஒருவர் தயவில் போகிறோம். பையில் மிஞ்சும் காசுதான் ஆதாயம் என்றால் இரண்டும் ஒன்றே. ஆனால் பெரிய ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை முறை திரும்பி வரலாம், எதற்கு வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா என்பதில் இருக்கிறது. அது உரிமையுள்ள இடத்தில்தான் முழுமையாகக் கைக்கு வரும்.

கட்டணமில்லாமை மட்டும் போதாது என்பதற்கான சான்று இலவச நுழைவு மரபின் பிறப்பிலேயே கிடைக்கிறது. மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் 1753இல் இறந்தபோது சுமார் 71,000 பொருட்களை விட்டுச்சென்றார். வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்துவிட்டு நாடு அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது உயில். பாராளுமன்றம் அதே ஆண்டில் சட்டம் இயற்றி, பணத்துக்கு லாட்டரி நடத்தியது. 1759 ஜனவரியில் மான்டேகு மாளிகையில் பிரிட்டிஷ் மியூசியம் திறந்தபோது யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆனாலும் நினைத்தவுடன் நுழைய முடியாது. பெயரும் தொழிலும் இருப்பிடமும் எழுதி விண்ணப்பித்து, அனுமதிச் சீட்டுக்குக் காத்துக்கிடக்க வேண்டும். பர்மிங்காம் புத்தக வியாபாரி வில்லியம் ஹட்டன் 1784இல் வந்தபோது அதற்கெல்லாம் நேரமின்றி, வேறொருவரின் இலவசச் சீட்டை ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். உள்ளே சுமார் பத்துப் பேர் கொண்ட குழுவோடு, வழிகாட்டியின் பின்னால் ஓட்டமும் நடையுமாக அரை மணி நேரத்தில் மாளிகையைச் சுற்றி முடித்தார். இது என்ன என்று கேட்டதற்கு முகத்தில் அடித்தாற்போலப் பதில் வந்தது. போனபோது தெரிந்திருந்ததற்கு மேல் ஒன்றும் தெரியாமல்தான் வெளியே வந்ததாக எழுதிவைத்திருக்கிறார். சட்டத்தின்படி அது இலவசம். அனுபவத்தில் அவசரமும் அவமானமும். இலவசச் சீட்டுக்குக் கள்ளச் சந்தை முளைத்தது இன்னொரு பாடம். கட்டணத்தை எடுத்துவிட்டு அனுமதியை வைத்துக்கொண்டால், அனுமதிக்கே விலை ஏறிவிடும்.

அந்தச் சீட்டு ஒழிய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1810இல் கண்ணியமான தோற்றம் உள்ளவர் எவரும் குறிப்பிட்ட நாட்களில் நுழையலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். தோற்றத்தை அளப்பவன் வாயிற்காவலன் என்பதால் அதுவும் அரைக்கதவுதான். ஏழைகளை விட்டால் சிலையை உடைப்பார்கள், கண்ணாடியை நொறுக்குவார்கள் என்ற பயம் மேலிடத்தில் இருந்தது. 1837இல் ஈஸ்டர் திங்களன்று மியூசியத்தைத் திறந்துவிட்டார்கள். ஒரே நாளில் இருபதாயிரம் பேருக்கு மேல் வந்துபோனார்கள். பயந்தபடி எதுவும் உடையவில்லை. சும்மா கிடைப்பதற்கு மதிப்பிருக்காது என்று இன்றும் சொல்கிறவர்களுக்கு அந்த நாளே முதல் பதில். இரண்டாவது பதில் நேஷனல் கேலரியில் இருக்கிறது. வங்கியாளர் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைனின் 38 ஓவியங்களை 1824இல் அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கியதில் தொடங்கியது அந்தக் கூடம். 1838இல் அதற்குப் புதுக் கட்டடம் திறந்தபோது இடம் டிரஃபால்கர் சதுக்கம். மேற்கிலிருந்து சீமான்கள் வண்டியில் வரலாம், கிழக்கிலிருந்து தொழிலாளிகள் நடந்தே வரலாம் என்பது அந்த இடத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

கிழக்கிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் பயபக்தியோடு நடந்துகொள்ளவில்லை. மழைக்கு ஒதுங்கினார்கள், குழந்தைகளுக்குப் பாலூட்டினார்கள். கூடத்தின் பொறுப்பாளர் தாமஸ் யூவின்ஸ் 1850இல் பாராளுமன்றக் குழுவிடம் சொன்ன சாட்சியம் சுவையானது. நாட்டுப்புறக் குடும்பம் ஒன்று நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு, கூடையைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டது. இங்கே இதெல்லாம் கூடாது என்று இவர் நயமாகச் சொல்லப்போக, கூட்டத்துக்குத் தலைவியான அம்மாள் நீங்களும் ஒரு கிளாஸ் ஜின் சாப்பிடுங்கள் என்று நீட்டினாளாம். இந்தக் கூட்டத்தின் மூச்சும் நகரத்துப் புகையும் ஓவியங்களைக் கெடுக்கின்றன, கூடத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடலாம் என்ற வாதம் வலுத்தது. விசாரித்த ஆணையம் 1857இல் கூடம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றது. ஓவியத்தைப் பாதுகாப்பது மட்டும் நோக்கமென்றால் அதைப் பூட்டிவைத்தாலே போதும்; மக்கள் பார்ப்பதற்குத்தான் பாதுகாப்பு. நுழைவுரிமை பற்றி இதுவரை எடுத்த முடிவுகளில் இதையே ஆகச் சிறந்தது என்பேன். ஜின் நீட்டிய அம்மாளுக்கும் அந்த இடம் சொந்தம் என்று ஒத்துக்கொண்ட முடிவு அது.

உரிமை வந்துவிட்டால் பார்க்கும் விதமே மாறிப்போகும். 30 பவுண்டு கொடுத்து நுழைந்தவர் 30 பவுண்டுக்கும் பார்த்துத் தீர்க்காமல் வெளியே வரமாட்டார். கால் தாங்குகிறதோ இல்லையோ எல்லா அறையும் ஏறி இறங்குவார். கடைசி அறையில் கண் எதையும் வாங்காது. கட்டணமில்லாத கூடத்தில் ஒரு படத்தை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பேருந்து பிடிக்கலாம், மறுவாரம் அதையே திரும்பப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் இதைச் சோதித்துக் காட்டியது. குண்டுவீச்சுக்குப் பயந்து நேஷனல் கேலரியின் ஓவியங்கள் வேல்ஸ் நாட்டு மானட் கற்சுரங்கத்துக்குப் போய்விட்டன. 1942 முதல் மாதம் ஒரு ஓவியத்தை மட்டும் லண்டனுக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். ரெம்பிராண்ட் வரைந்த மார்கரெட்டா டி கீர் என்ற கிழவியின் உருவப்படமும் டிஷியனின் ஓவியமும் முதலில் வந்தவை. அந்த ஒரு படத்துக்காக ஜனங்கள் வந்தார்கள். ஓவியத்துக்கும் பார்வையாளருக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு பொருந்தும் என்பதை நகரம் அப்போது கண்டுகொண்டது. பிறகு எல்லா ஓவியங்களும் திரும்பின. அப்படிப் பார்க்கும் வாய்ப்பைக் கட்டணமில்லாத வாசல்தான் காப்பாற்றி வருகிறது.

இதையே சிறிய அளவில் பார்க்க லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள சர் ஜான் சோன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கட்டடக் கலைஞர் சோன் தன் வீட்டையும் சேகரத்தையும் 1833இல் தனிச் சட்டத்தின் மூலம் நாட்டுக்கு எழுதிவைத்தார். 1837இல் அவர் இறந்தபோது இருந்தபடியே வீட்டை முடிந்தவரை வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே ஓவிய அறை என்று ஒன்று உண்டு. நாலு மீட்டர் நீளம் தேறுமா என்று சந்தேகப்படவைக்கும் அந்தச் சிற்றறைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன என்றால் நம்ப முடியாது. சுவர்கள் கதவுகளாகத் திறக்கின்றன. கீல் பூட்டிய பலகையை ஊழியர் இழுத்தால் உள்ளே இன்னொரு வரிசைப் படங்கள். ஹோகார்த் வரைந்த எட்டு ஓவியங்களில், அப்பன் சொத்தை அழித்த ஊதாரியின் கதை, மனநோய் விடுதியில் அவன் விலங்கோடு கிடப்பதுவரை வரிசையாக விரிகிறது. தெற்குப் பக்கத்தின் உள்பலகையையும் திறந்தால் சுவரே இல்லை. ஒரு பெண் சிலையும் கீழ்த்தளத்து அறைக்குள் இறங்கும் வெளிச்சமும். ஒரே வருகையில் கண்ணில் தங்காத அறை இது. திரும்பத் திரும்ப வருகிறவனுக்காகக் கட்டியதோ என்றுகூடத் தோன்றும். திரும்பிவரக் காசு வேண்டாம் என்பதால்தான் அந்தக் கட்டுமானத்துக்குப் பொருள் இருக்கிறது.

இந்த உரிமை ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் நிற்கும் என்று நினைப்பது பிழை. எட்வர்ட் ஹீத் அரசு 1974 ஜனவரியில் தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணம் விதித்தது. சில மாதங்களில் ஆட்சியோடு அதுவும் போயிற்று. தாட்சர் காலத்தில் மானியம் இறுகியபோது கட்டணம் மறுபடியும் தலைதூக்கியது. விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1985இல் விரும்பினால் கொடுங்கள் என்று உண்டியல் நீட்டியது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1987இல் நேரடியாகவே கட்டணம் வைத்தது, அறிவியல் அருங்காட்சியகம் 1988இல். கூட்டம் சரிந்தது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் ஓவியக்கூடம் போன்ற சில மட்டும் வாசலைத் திறந்தே வைத்திருந்தன. அதற்கு அவை கொடுத்த விலை விசித்திரமானது. கட்டணம் வாங்காத நிறுவனம் வணிகம் செய்யவில்லை. வணிகம் செய்யாததால் தான் வாங்கும் பொருட்களுக்கும் பணிகளுக்கும் கட்டிய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. இலவசமாக இருப்பதற்கே அபராதம் போலிருந்த இந்த முடிச்சை 2001இல் வரிச் சட்டத்தில் சேர்த்த ஒரு சிறு பிரிவு அவிழ்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் எல்லாத் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சியும் மறுபடி இலவசம். முன்பு கட்டணம் வாங்கியவற்றுக்கு ஆண்டுக்கு சுமார் 70 லட்சமாக இருந்த வருகை, பத்தாண்டில் சுமார் 180 லட்சமாயிற்று.

இந்த எண்ணிக்கையைக் காட்டியதும் வரும் முதல் ஆட்சேபம் வலுவானது. வருகை கூடியது, ஆனால் வருகிறவர்களின் வர்க்கம் மாறவில்லை. முன்பு ஒருமுறை வந்த படித்த நடுத்தர வர்க்கம் இப்போது மூன்று முறை வருகிறது. பேருந்து ஓட்டுநரின் வரிப்பணத்தில் பேராசிரியர் ஓவியம் பார்க்கிறார் என்கிறார்கள். ஆய்வுகள் பெருமளவுக்கு இதை ஆமோதிக்கவே செய்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் இதிலிருந்து கட்டணம் வைக்கலாம் என்ற முடிவு எப்படி வரும்? ஏழைகளைத் தடுப்பவை பல: பயணச் செலவு, வேலை நேரம், இது நமக்கான இடமில்லை என்று பள்ளிப் பருவத்திலேயே பதிந்துபோன எண்ணம். பல தடைகளில் ஒன்றை எடுத்தது போதவில்லை என்பதால் அதையும் திரும்ப வைப்பது வைத்தியமாகாது. அந்த ஓட்டுநரின் மகள் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை வந்துவிட்டு, சனிக்கிழமை தானாகத் திரும்பிவர விரும்பினால் வீட்டில் காசு கேட்க வேண்டாம். சராசரிக் கணக்கில் அந்தப் பெண் தெரியமாட்டாள். உரிமை என்பது சராசரிக்காக ஏற்பட்டதும் இல்லை.

அடுத்த ஆட்சேபம் வெளிநாட்டவரைப் பற்றியது. பாரிஸின் லூவர் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 32 யூரோ வாங்குகிறது. லண்டனும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பிரிட்டிஷ் வரிப்பணத்தில் அயலார் ஏன் இலவசமாகப் பார்க்க வேண்டும்? இதில் வரவைவிட வாசலுக்கு நேரும் கதியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வெளியாளைப் பிரித்தெடுக்க எல்லோரிடமும் அடையாளம் கேட்டாக வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் வழிபாட்டுக்கு வருவோருக்குக் கட்டணம் இல்லை, பார்க்க வருவோருக்கு உண்டு. ஆகவே நீ கும்பிட வந்தாயா, வேடிக்கை பார்க்க வந்தாயா என்று வாசலில் பிரித்தாக வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் கேள்வி நீ இந்நாட்டவனா என்று மாறும். லண்டனில் பிறந்து வளர்ந்த கறுப்பரும் ஆசியரும் அதை மற்றவர்களைவிட அடிக்கடி எதிர்கொள்ள வேண்டிவரும் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். 1810இன் கண்ணியமான தோற்றம் வேறு உடையில் திரும்பி வந்துவிடும்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வரும் ஆட்சேபத்துக்கு முன்னால் என் வாதம் பாதி தலைகுனிந்துதான் ஆக வேண்டும். அந்தக் கூடங்களில் உள்ளவை யாருடையவை? ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பங்கு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய உழைப்பு. பெனின் வெண்கலங்கள் 1897இன் படையெடுப்பில் அள்ளிவந்தவை. விக்டோரியா - ஆல்பர்ட்டில் கண்ணாடிக்குள் இருக்கும் திப்புவின் மரப்புலி, 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபோது சூறையில் போனது. களவாடியதைக் காசில்லாமல் காட்டுவதில் என்ன தாராளம்? உலகம் முழுவதற்கும் பொதுவான சேகரம், எவரும் வந்து பார்க்கலாம் என்று அருங்காட்சியகம் சொல்லும் சமாதானம் விசா அலுவலகத்தில் நின்றுவிடுகிறது. மைசூர்க்காரர் ஒருவர் திப்புவின் புலியைப் பார்க்க வாசலில் காசு தர வேண்டாம். வாசல்வரை வர விசாவுக்கு மட்டும் நூறு பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும், அதுவும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல். ஆகவே இலவச நுழைவு, பொருளைத் திருப்பித் தர மறுப்பதற்கான நியாயமாகாது. ஆனால் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை கட்டணத்துக்கும் நியாயமாகாது. கட்டணம் வைத்தால் பொருளும் வராது, பார்ப்பதும் குறையும். எந்தத் தர்க்கத்தால் லண்டன் தொழிலாளிக்கு அந்தக் கூடத்தில் உரிமை உண்டோ, அதே தர்க்கத்தை நீட்டினால் மைசூர்க்காரருக்கும் பெனின்காரருக்கும் அதைவிடப் பெரிய உரிமை உண்டு. உரிமை என்று பேசத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்த முடியாது.

திறந்த வெளிக்கு வந்தால் உரிமைக்கும் தயவுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். ஹாம்ஸ்டட் ஹீத்தின் பார்லிமென்ட் ஹில் குன்றில் ஏறினால் செயின்ட் பால் கோபுரம்வரை லண்டன் விரிந்து கிடக்கிறது. அதற்கு டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை, மூடும் நேரமும் இல்லை. ஹீத்தில் பெரும் நிலத்தின் உரிமையாளர் சர் தாமஸ் மேரியன் வில்சன் அங்கே வீடுகள் கட்ட அனுமதி கேட்டு 1829 முதல் நாற்பதாண்டு பாராளுமன்றத்தில் முட்டி மோதினார். அக்கம்பக்கத்தார் விடவில்லை. அவர் இறந்த பின் 1871இல் தனிச் சட்டத்தின் மூலம் அந்த நிலம் பொது உடைமையாயிற்று; வேலி போடக்கூடாது, இயற்கைத் தோற்றம் கெடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. குன்றின் மறுபுறம் கென்வுட் மாளிகையில் ரெம்பிராண்டின் தன்னுருவ ஓவியமும் வெர்மீரின் கித்தார் வாசிக்கும் பெண்ணும் உண்டு. கின்னஸ் குடும்பத்து ஐவா பிரபு 1927இல் உயிலில் எழுதிவைத்துப்போன கொடை, இன்றும் இலவசம். ஆனால் இங்கேயும் அரிப்பு இல்லாமல் இல்லை. ஹீத்தின் நீச்சல் குளங்களில் தலைமுறைகளாகச் சும்மா குளித்தவர்களிடம் 2005இல் மனச்சாட்சிப்படி காசு போடச் சொன்னார்கள். 2020இல் அது கட்டாயமாயிற்று. சட்டம் காத்தது நிலத்தை; நீருக்குக் காவல் இல்லாத இடத்தில் கட்டணம் நுழைந்துவிட்டது.

ஹைட் பார்க்கின் கதை வேறு. அது அரச பூங்கா. அன்று மக்கள் உலாவலாம், கூட்டம் போடக்கூடாது. வாக்குரிமை கேட்ட சீர்திருத்தச் சங்கம் 1866 ஜூலை 23இல் அங்கே கூட முயன்றபோது அரசு வாயில்களைச் சாத்தியது. நெருக்கித்தள்ளிய கூட்டத்தில் இரும்பு வேலி ஆடியது. ஆட்டிப் பார்த்தார்கள், விழுந்தது. 1872இன் பூங்காச் சட்டத்துக்குப் பின் வடகிழக்கு மூலையில் பேசுவதற்கு இடம் கிடைத்தது. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் ஸ்பீக்கர்ஸ் கார்னர் இப்படிப் பிறந்ததுதான். பாராளுமன்றச் சதுக்கம் அதே கதையின் பிற்பகுதி. தமிழர்களுக்கு அதில் நேரடிப் பங்கு உண்டு. வன்னியில் போர் உச்சத்திலிருந்த 2009இல் ஏப்ரல் முதல் ஜூன்வரை புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் அங்கே இரவு பகலாக நின்றார்கள். பாராளுமன்றத்தைச் சுற்றி ஆர்ப்பாட்டம் செய்ய முன் அனுமதி வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. 2011இல் அந்தச் சட்டத்தை மாற்றியபோது, சதுக்கத்தில் கூடாரம் போடுவதையும் படுக்கை விரிப்பதையும் தடுக்கும் பிரிவுகளைச் சேர்த்தார்கள். அந்தப் புல்வெளியில் நின்று பிக் பென்னைப் பார்க்க இன்றும் காசு வேண்டாம். இடம் இலவசமாகவே இருக்கையில் உரிமை சுருங்கிப்போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இனி ஸ்கை கார்டன். ஃபென்சர்ச் தெருவில் சுமார் 160 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு அனுமதி கிடைத்ததில், உச்சியில் பொதுமக்களுக்குத் தோட்டம் என்ற வாக்குறுதிக்குப் பங்கு உண்டு. 2015இல் திறந்தார்கள். கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு செய்து, கொடுத்த நேரத்துக்கு வந்து, விமான நிலையம்போல் சோதனைக்கு நின்று மேலே போக வேண்டும். ஹட்டன் மறுபடி வந்தால் சீட்டும் நேரக்கணக்கும் அவருக்குப் பழகியவையாகவே தோன்றும். செயின்ட் பால் அருகிலுள்ள பேட்டர்னாஸ்டர் சதுக்கம் இன்னும் நுட்பமானது. கல் பாவி, பெஞ்சு போட்டு, பார்வைக்கு அசல் பொது இடம். 2011 அக்டோபரில் பங்குச்சந்தைக்கு எதிரே போராட்டத்துக்குத் திரண்டவர்களை நீதிமன்றத் தடையாணை வெளியே நிறுத்தியபோதுதான் அது தனியார் நிலம் என்பது பலருக்கு உறைத்தது. கூட்டம் தேவாலய முற்றத்துக்கு நகர்ந்து நாலு மாதம் அங்கே தங்கியது. சும்மா நடக்கலாம், காப்பி குடிக்கலாம். உரிமையாளருக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தால் கிளம்பலாம்.

இரண்டு நாள் பயணியாக வருகிறவருக்கு இந்த வேறுபாடெல்லாம் எதற்கு, மேலேறி நகரத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதும், ஸ்கை கார்டனின் காட்சியில் பொய்யில்லை. ஆனால் விருப்பமான இடம் எது என்று கேட்டால் அழகோடு வேறொன்றையும் எடைபோட வேண்டியிருக்கிறது. இந்த இடம் நாளைக்கும் திறந்திருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? ஹீத்துக்கு ஒரு சட்டம் பொறுப்பு, சோன் வீட்டுக்கு ஒரு சட்டம், அருங்காட்சியகங்களுக்கு வரிச் சட்டத்தின் ஒரு பிரிவும் அதைக் கைவிடத் துணியாத அரசியலும். உச்சித் தோட்டத்துக்கு ஒரு நிறுவனத்தின் ஒப்புதல். சட்டங்களையும் மாற்றலாம், 1974இன் கட்டணமும் அப்படி வந்ததுதான். ஆனால் அதற்குப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும், அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். முன்பதிவுப் பக்கத்தில் ஒரு வரியை மாற்ற யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே லண்டனின் இலவச இடங்களைப் பட்டியலிடுகிறவர்கள் திறக்கும் நேரம், அருகிலுள்ள ரயில் நிலையம் ஆகியவற்றோடு இன்னொரு தகவலையும் சேர்க்கலாம்: இங்கிருந்து உங்களை வெளியே போகச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? அந்த ஒரு பத்தியைச் சேர்த்தால் பட்டியல் பாதியாகச் சுருங்கும். மிஞ்சும் பாதியில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் விண்ணப்பமோ வழக்கோ விழுந்த வேலியோ இருக்கும். அவைதான் இன்றைய பயணியின் நுழைவுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவைத்தவை.